இந்தக் கிழமைக்கு மூன்று

எஸ்பியர்க்,
21.09.1986, ஞாயிறு

அன்புள்ள செலின் மச்சாளுக்கு,

உங்களுக்கும் லோரன்ஸ் அண்ணைக்கும் மடுமாதா ஒரு குறையும் வைத்திருக்கமாட்டா என்ற துணிவில் இதைத் தொடங்குகிறேன். இங்கே நாங்களும் சுகம். உங்கள் தம்பி அந்தோனிதாசன் மீன் தொழிற்சாலையில் இரவு ஒரு கிழமை, பகல் ஒரு கிழமையாக மாறி மாறி நிற்கிறார். ஆள் படியேறுவதற்கு முதலே மணம் கதவைத் தட்டுகிறது.

போனில் கதைக்கலாமே, ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் கதைத்தால் பிள்ளைக்குக் கேட்கும். அவளைப் பற்றித்தான் எழுதவேண்டியிருக்கிறது.

நான் வந்து இரண்டு மாதமாகிறது. ஸ்ரெல்லா இன்னும் என்னை ஒரு பெயரும் சொல்லிக் கூப்பிடவில்லை. நாலரை வயதில் தகப்பனின் பாஸ்போட்டில் பெயர் பதிந்து அனுப்பிய பிள்ளை. ஒரு மாதத்தில் பின்னால் வந்துவிடுவேன் என்றிருந்தேன், விசா கிடைக்க இரண்டரை வருடம் போய்விட்டது. தகப்பன் இங்கே தொழிற்சாலையில் நிற்க, அந்தக் காலம் முழுக்க நீங்கள்தான் சில்க்போர்க்கில் வைத்து வளர்த்தீர்கள். நல்ல வளர்த்தி, நல்ல பல், நல்ல ஒழுக்கம். குறை சொல்ல ஒன்றும் இல்லை, அதுதான் எனக்குக் குறை. உங்களை அம்மா என்கிறாள். என்னைப் பற்றித் தகப்பனிடம் கேட்பதென்றால் ‘அவ’ என்பதற்குள்ள டேனிஷ் சொல்லைத்தான் சொல்கிறாள். தமிழ் எல்லாம் விளங்குகிறது, எனக்கு மட்டும் அதில் பதில் வராது.

இருந்து அழ எனக்கு நேரமில்லை மச்சாள். மன்னாரில் பன்னிரண்டு வருடம் மனையியலும் தையலும் படிப்பித்தவள் நான். வெள்ளிக்கிழமைகளில் அடுத்த கிழமைக்கான பாடக்குறிப்பை எழுதி அதிபரிடம் கையெழுத்து வாங்காமல் வீட்டுக்குப் போனதில்லை. ஊசியே பிடிக்கத் தெரியாத பிள்ளைகளை வருடக் கடைசியில் சட்டை தைக்க வைத்திருக்கிறேன். எப்படி? சின்னச் சின்னதாக வெட்டிக் கொடுத்துத்தான்.

ஆகவே தீர்மானித்துவிட்டேன். இனி ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்து மூன்று இலக்கு வைப்பேன். வீட்டுக்கு ஒன்று, கைவேலைக்கு ஒன்று, குடும்பத்துக்கு ஒன்று. மூன்றும் ஒரு கிழமைக்குள் முடியக்கூடியதாக இருக்கவேண்டும். இந்தக் கிழமை உங்கள் தம்பியைக் கூப்பிடாமல் நிலவறையில் இருக்கும் உடுப்புத் தோய்க்கும் மெசினை நானே போடவேண்டும். குசினி யன்னல் திரைச்சீலையின் ஓரத்துக்கு ஒரு சாண் நூல் றேந்தை பின்னவேண்டும். ஸ்ரெல்லா நான் சமைத்த எதையாவது கேட்டு வாங்கிச் சாப்பிடவேண்டும்.

நீங்களும் மூன்று வையுங்கோ. இங்கே எனக்கு அதிபர் இல்லை, மேற்பார்வைக்கு நீங்கள்தான்.

அன்பு மறவாத,
பற்றிமா


சில்க்போர்க்,
26.09.1986

பெருமதிப்புக்குரிய மச்சாள் ரீச்சர் அவர்களுக்கு,

உங்கள் பாடக்குறிப்பு வந்து சேர்ந்தது. வாசித்துச் சிரித்தேன், பிறகு சிரிக்க முடியவில்லை. முதலில் உத்தரவுப்படி என்னுடைய மூன்றையும் சொல்லிவிடுகிறேன். போன மாரியிலிருந்து பிரிட்ஜின் மேல்தட்டில் பனிக்கட்டியோடு பனிக்கட்டியாய்க் கிடக்கும் மீனை வெளியே எடுப்பது. ஸ்ரெல்லாவின் சிவப்புச் சுவெற்றருக்கு இரண்டாவது கையைப் பின்னி முடிப்பது. உங்கள் லோரன்ஸ் அண்ணை ஒரு நாளாவது ரீவியை நிற்பாட்டிவிட்டு என்னோடு இருந்து சாப்பிடுவது. கடைசி இலக்கில் நான் பெயில் என்று இப்போதே எழுதிக்கொள்ளுங்கோ.

இனி பிள்ளையின் விசயம். அவள் சாப்பிடும்போது முகத்தைப் பார்க்கக்கூடாது, பார்த்தால் கரண்டியை வைத்துவிடுவாள். இங்கத்தைய ஆட்களின் அரிசிப் பால்கஞ்சி, மேலே கறுவாத்தூளும் சீனியும் போட்டால் சட்டியோடு முடிப்பாள். தலை பின்னும்போது இடது பக்கத்தை முதலில் பின்னவேண்டும். ஏனென்று கேட்காதேங்கோ, அவளுக்கும் தெரியாது. இதெல்லாம் எழுதும்போது ஒரு சாவிக்கொத்தைக் கொடுக்கிற மாதிரி இருக்கிறது.

சனிக்கிழமைகளில் ஆறு மணிக்கு வழக்கம்போல் போன் எடுப்பேன். ஒரு சனி விட்டு ஒரு சனி ரெயிலில் வருவேன். நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் அதற்கேற்ற மாதிரி வேலைமுறை மாற்றி வாங்கியிருக்கிறேன். அவளைப் பார்க்காவிட்டால் எனக்குக் கிழமை முடிந்த மாதிரியே இல்லை. எங்களுக்கென்று ஒன்று இல்லாதது உங்களுக்குத் தெரியாததல்ல.

உங்கள் அன்பு மச்சாள்,
மேரிசெலின்


எஸ்பியர்க்,
12.10.1986, ஞாயிறு

அன்புள்ள மச்சாளுக்கு,

சுவெற்றர் அளவாக இருக்கிறது. கழற்றமாட்டேன் என்கிறாள். படுக்கையிலும் அதுதான்.

வீட்டு இலக்கில் நான் பட்ட வெட்கத்தைக் கேளுங்கோ. நிலவறைக்குப் போனேன், ஒரு மெசின் சும்மா நின்றது, உடுப்பைப் போட்டுவிட்டு மேலே வந்துவிட்டேன். சுவரில் ஒரு பலகையும் அதில் குட்டிப் பூட்டுகளும் தொங்கியதைக் கண்டேன். யாரோ பூட்டுச் சேர்க்கிறார்கள் என்று நினைத்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பூட்டாம், பலகையில் எந்த நேரத்துக்குரிய கட்டத்தில் கொழுவுகிறோமோ அந்த நேரம் மெசின் எங்களுடையதாம். நான் போட்டது மூன்றாம் மாடி கிர்ஸ்ரனின் நேரத்தில். திரும்பிப் போனால் அந்த மனிசி என் பாவாடை சட்டை எல்லாவற்றையும் எடுத்து மடித்துக் கூடையில் அடுக்கி வைத்துவிட்டு நிற்கிறா. உங்கள் தம்பியின் உள்ளுடுப்பையும்தான். ஒரு சொல் ஏசவில்லை. அடுத்த நாள் கொஞ்சம் றேந்தை பின்னி எடுத்துக்கொண்டு போய் அவவின் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்டேன், அதாவது கையால் கேட்டேன். இப்போது அவ எனக்கு டேனிஷ் சொல்லித் தருகிறா, நான் அவவுக்கு றேந்தை சொல்லிக் கொடுக்கிறேன். மாணவி கெட்டிக்காரி.

பால்கஞ்சி பலித்தது. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன், பின்னால் கரண்டிச் சத்தம் கேட்டது. ஒரு முறை ‘இன்னும்’ என்றாள். தமிழில்! சட்டியோடு கொடுத்தேன்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு புதிய திட்டம் போட்டிருக்கிறேன். குசினிக் கதவில் கட்டம் கீறிய மட்டை. என்னிடம் ஒரு தமிழ்ச் சொல் சொன்னால் ஒரு பொன் நட்சத்திரம் ஒட்டலாம். பள்ளிக்கூடத்தில் நான் இதைச் செய்து தோற்றதே இல்லை. இப்போது காலையில் ‘பால்’, ‘சப்பாத்து’, ‘மழை’ என்று வந்து நிற்கிறாள். ஓட்டமாய் ஓடி ஒட்டுகிறாள். பாலன் பிறக்கிற நத்தாருக்குள் வசனமாகிவிடும், பாருங்கோவன்.

அன்புடன்,
பற்றிமா


எஸ்பியர்க்,
09.11.1986, ஞாயிறு

அன்புள்ள மச்சாளுக்கு,

இந்தக் கடிதத்தைச் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன், கோபிக்கவேண்டாம்.

மட்டை வியாழக்கிழமை நிறைந்துவிட்டது. கடைசி நட்சத்திரத்தை ஒட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். வந்த நாளிலிருந்து நான் பார்க்காத சிரிப்பு. ஓடிப்போய், நீங்கள் ஒரு சனிக்கிழமை சாமான் கொண்டுவந்து விட்டுப்போன பையை எடுத்துவந்து கதவடியில் வைத்தாள். பிறகு தகப்பனிடம் டேனிஷில் ஏதோ கேட்டாள். அவர் முகம் செத்துப்போனது. “என்ன கேட்டவள்?” என்றேன். “ஒண்டுமில்லை, இன்னொரு மட்டை வேணுமாம்” என்றார். ஆனால் ‘ஹ்யெம்’ என்ற சொல் என் காதில் விழுந்துவிட்டது. வீடு என்று அர்த்தம், அந்தக் கிழமைதான் கிர்ஸ்ரன் சொல்லித் தந்திருந்தா. பிறகு அந்தோனிதாசன் மறைக்கவில்லை. மட்டை நிறைந்துவிட்டது, இனி வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறாள்.

உங்களிடம் திரும்பிப் போவதற்காக, மச்சாள், அவள் எனக்கு ஒவ்வொரு சொல்லாகக் கொடுத்திருக்கிறாள். நான் மார்தட்டிக்கொண்டு நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன். மட்டையைக் கிழித்துவிட்டேன்.

நீங்கள் வந்துபோன பிறகு இரண்டு மூன்று நாள் அவள் யாரோடும் கதைப்பதில்லை. போன் வந்த இரவும் அப்படித்தான். ஆகையால் இந்தக் கிழமை மூன்றாவது இலக்கை உங்களுக்கு வைக்கிறேன். நத்தார் வரைக்கும் வராதேங்கோ. போனும் எடுக்காதேங்கோ. அவள் என் பிள்ளை. எனக்கு அவள் வேணும். இதைக் கெஞ்சிக் கேட்கவில்லை, சொல்கிறேன்.

பற்றிமா


சில்க்போர்க்,
18.11.1986

பற்றிமாவுக்கு,

வரமாட்டேன். போனும் எடுக்கமாட்டேன். போன சனி ஆறு மணிக்கு லோரன்ஸ் போனின் வயரைக் கழற்றி வைத்தார், எனக்காகத்தான்.

உங்களில் எனக்குக் கோபம் இருக்கிறது. இருக்கும்தான். ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் எனக்குச் சமாதானம் இல்லை. இங்கே வந்த புதிதில் அவள் பின்னேரமானால் முன் அறை யன்னலில் ஏறி நிற்பாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வீதியில் நீலப் பஸ் வந்தால் அதிலிருந்து இறங்குகிற ஒவ்வொருவரையும் பார்ப்பாள். நீங்கள் வருவீர்கள் என்று. அந்த மாரி முழுக்க நின்றாள். பிறகு ஒரு நாள் யன்னலுக்குப் போகவில்லை. அன்றைக்குத்தான் என்னை முதல்முதல் அம்மா என்றாள். எனக்குச் சந்தோசமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

வராத ஆளை அந்தப் பிள்ளை என்ன செய்யும் என்று நான் கண்ணால் கண்டவள். இனி என்னையும் அப்படிச் செய்வாள். அதற்குப் பிறகு யாரையும் நம்பமாட்டாள், உங்களையும்கூட.

மேரிசெலின்


எஸ்பியர்க்,
30.11.1986, ஞாயிறு

என் அன்பு மச்சாளுக்கு,

நேற்று எங்கள் இருவரையும் வாசலில் கண்டபோது உங்கள் கையிலிருந்த சட்டி விழுந்ததே, அது உடைந்துவிட்டதா? கேட்க மறந்துபோனேன்.

உங்கள் கடிதத்தை வாசித்தபிறகு என் திட்டம் பிழை என்று தெரிந்தது. பிழையான பாடக்குறிப்பைச் சிவப்பு மையால் வெட்டிவிட்டு வேறு எழுதுவது எனக்குப் புதிதல்ல. அவளிடமிருந்து உங்களை எடுக்கிறது அல்ல வழி. அவளை உங்களிடம் கூட்டிப்போகிறவளும் திரும்பக் கூட்டிவருகிறவளும் நானாக இருக்கவேண்டும். நேற்று உங்கள் தம்பி வேலைக்குப் போயிருந்தார். கிர்ஸ்ரன் ரெயில் மாறும் இடங்களைக் கடதாசியில் கீறித் தந்தா. “எங்க போறம் தெரியுமோ?” என்று ஸ்ரெல்லாவிடம் கேட்டேன். தெரிந்ததும் சப்பாத்தை மாறிப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

பின்னேரம் அவள் உங்கள் கதவைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று அழுதபோது, நீங்கள் குனிந்து சப்பாத்துப் போட்டுவிட்டு, அவள் கையைப் பிரித்து என் கையில் தந்தீர்கள். உங்கள் கண்ணை நான் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் விட்டுவிட்டு வந்திருப்பேன். இந்த நன்றியை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை, எழுதாமலும் இருக்க ஏலாது.

நீங்கள் காணாததைச் சொல்கிறேன். ரெயிலில் எனக்கு எதிர்ப்பக்கம் போய் இருந்தாள். நிறைய நேரம் வெளியிருட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். திடீரென்று எழும்பி வந்து என் கையில் அடித்தாள். இரண்டு கையாலும், பலமாக. பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“நீங்கள் ஏன் என்னோட வரேல்லை?” என்றாள். தமிழில், மச்சாள், முழு வசனமாக. “நான் யன்னல்ல நிண்டு பாத்தனான். ஏன் வரேல்லை?”

“வர விடேல்லை குஞ்சு. நான் ஒவ்வொரு நாளும் கேட்டனான், அவையள் விடேல்லை.”

“பொய்!” என்று திரும்பவும் அடித்தாள்.

அடிக்கட்டும் என்று கையை நீட்டிக்கொண்டு இருந்தேன். எனக்குச் சந்தோசமாக இருந்தது. தெரியாத மனிசிக்கு ஒரு பிள்ளை இப்படி அடிக்குமா? இவ்வளவு நாளும் என்னிடம் பால், மழை என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தவள். அடித்துக் களைத்து என் இருக்கையிலேயே என்னில் சாய்ந்து நித்திரையானாள். எழுப்ப மனமில்லாமல் ஸ்ரேசனிலிருந்து தூக்கிக்கொண்டே வந்தேன். ஏழு வயதுப் பிள்ளை, முதுகு இன்னும் நோகிறது.

இன்று காலை ஒன்று கேட்டாள். எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன், உங்களுக்கு நோகும். ஆனால் எங்களுக்குள் இனி ஒளிப்பு மறைப்பு வேண்டாம். “மாமி வீட்டை இனி எப்ப போவம்?” என்றாள். மாமி என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை, தகப்பனும் சொல்லவில்லை. என்னை இன்னும் எந்தப் பெயரும் சொல்லவில்லை. பரவாயில்லை, அதற்கு நான் கிழமைக் கணக்கு வைக்கப்போவதில்லை.

வீட்டுக்கும் கைவேலைக்கும் மட்டும் இந்தக் கிழமை இலக்கு உண்டு. நத்தாருக்கு வாருங்கோ. நீங்கள் வராவிட்டால் எனக்கும் அவளுக்கும் பண்டிகை இல்லை.

என்றும் உங்கள்,
பற்றிமா


சில்க்போர்க்,
04.12.1986

செல்வி ஸ்ரெல்லா அந்தோனிதாசன்,
எஸ்பியர்க்.

என் குஞ்சு ஸ்ரெல்லாவுக்கு,

இதைத் தமிழில் எழுதியிருக்கிறேன், உனக்கு இன்னும் வாசிக்கத் தெரியாது. அம்மாவிடம் கொடு. அம்மா பக்கத்தில் இருத்தி வாசித்துச் சொல்லுவா.

நத்தாருக்கு நானும் மாமாவும் வருகிறோம். இரண்டு நாள் நிற்போம். பிறகு நாங்கள் எங்கள் வீட்டுக்குப் போவோம், நீ உன் வீட்டில் நிற்பாய். அழுகை வந்தால் அழலாம், நானும் அழுவேன். பிறகும் வருவேன். வருவேன் என்று சொன்னால் வருவேன்.

முத்தங்களுடன்,
உன் மாமி