உப்ரலா கராட் ஊருக்கு உண்ணிக் காய்ச்சல் மாத்திரை கேட்டு

அனுப்புநர்:
ஹோஷியாரு ராம் (வயது 57),
ஆடு மேய்ப்பவர்,
உப்ரலா கராட் கிராமம்,
சம்பா மாவட்டம், இமாசலப் பிரதேசம்.

பெறுநர்:
வட்டார மருத்துவ அலுவலர் அவர்கள்,
வட்டார சுகாதார அலுவலகம்,
சம்பா மாவட்டம்.

பொருள்: துணை சுகாதார நிலையத்தில் உண்ணிக் காய்ச்சல் மாத்திரை இல்லாமை – என் மனைவிக்கு இன்றே மாத்திரை வேண்டுதல் – சைர் பண்டிகைக்கு முன் ஊர்ப் பெண்களுக்குப் பாதுகாப்பு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவி சாந்த்லா தேவிக்கு நேற்று காலை முதல் குளிர்காய்ச்சல். இடுப்பில் பீடியால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கிறது. வலிக்கவில்லை என்கிறாள். வலிக்காததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2. சென்ற ஆண்டு இதே மாதம் என் தம்பி ஜர்முவின் மனைவி ரசாலோ, வயது முப்பத்தொன்று, புல்லறுத்துவிட்டு வந்து காய்ச்சலில் படுத்தாள். தம்பி மந்தையோடு லாஹூல் மலையில் இருந்தான். ஆகவே நான்தான் அவளைத் துணை சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். தம்பி மனைவி மூத்தவன் எதிரில் முக்காட்டை விலக்கக் கூடாது, நேரில் பேசக் கூடாது என்பது எங்கள் வழக்கம். நான் வாசலில் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன்.

3. அங்குள்ள பணியாளர் முறையாகத்தான் கேட்டார். "உடம்புல எங்கயாவது கறுப்பா புண்ணு இருக்கா?" என்றார். அவள் வாய் திறக்கவில்லை. வெளியில் நின்றபடி நான்தான், "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றேன். பதிவேட்டில் 'புண் இல்லை' என்று இருப்பது என் வாய்ச்சொல். நான் எதையும் பார்த்துச் சொல்லவில்லை. கௌரவத்துக்காகச் சொன்னேன். சாதாரணக் காய்ச்சல் மாத்திரையோடு திரும்பினோம்.

4. எங்கள் பெண்கள் இடுப்பில் டோரா சுற்றுவது தாங்கள் அறிந்ததே. முப்பது முழம் கம்பளிக் கயிறு. அந்நியர் முன்னால் அதை அவிழ்ப்பது மானக்கேடு. ஒன்பதாம் நாள் நகரத்து மருத்துவமனையில் செவிலியர் ஒருவர் ரசாலோவின் டோராவைக் கத்தரியால் வெட்டினார். உள்ளே இருந்தது இதே போல வலியில்லாத கறுப்புப் பொருக்கு. "இத்தனை நாளா இத யாருமே அவுத்துப் பாக்கலையா?" என்றார். முதல் இரண்டு மூன்று நாளில் டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்திருந்தால் நடந்தே வீட்டுக்குப் போயிருப்பாள் என்று மருத்துவர் சொன்னார். அன்றே இறந்துபோனாள்.

5. நான் மலைக்கரடியைக் கல்லால் அடித்து விரட்டியவன். இன்று புல்லைக் கண்டால் நடுங்குகிறேன். ஆட்டு உண்ணியைப் பிடுங்கி நசுக்கலாம், இந்தப் புல்லுண்ணியோ கண்ணுக்கே தெரியாது. வயல் வரப்பில் புல் அறுத்துவிட்டு வந்த என் மனைவியிடம் தினமும் டோராவை அவிழ்த்துப் பார்க்கச் சொன்னேன். "கிழவனுக்குப் புத்தி பெரண்டு போச்சுன்னு ஊரே சிரிக்குது, போங்க அந்தாண்ட!" என்று ஏசினாள். முந்தாநாள் இரவு பிடிவாதமாக நானே அவிழ்த்துப் பார்த்தேன். தொப்புளுக்கு இடப்பக்கம் நான்கு விரல் தள்ளி, உளுந்து அளவில் இருந்தது. அதன் பிறகு அவள் ஏசவில்லை.

6. நேற்றே சுகாதார நிலையத்துக்கு ஓடினேன். "கேட்டு எழுதி ரெண்டு மாசமாச்சு பெரியவரே. வராத மாத்திரைய நான் எங்கேருந்து எடுத்துக் குடுக்க?" என்று அந்தப் பணியாளர் கையை விரித்தார். அவரைக் குறை சொல்லமாட்டேன். ஓடைப் பாலத்தருகே பாதை சரிந்து பத்து நாளாகிறது. திடமானவர்கள் கயிற்றைப் பிடித்து ஏறி வருகிறார்கள். காய்ச்சல்காரியை என் முதுகில் கட்டித் தூக்க முழங்கால் இடம் கொடுக்கவில்லை, மேலிருந்து இன்னும் கல் உருள்கிறது.

7. இது என் வீட்டோடு நிற்காது. 17ஆம் தேதி சைர். அதுவரை மூடிவைத்த புல்வெளி அன்றுதான் திறக்கும். முப்பத்து நான்கு பெண்கள் ஒன்றாக இறங்குவார்கள். அறுத்த புல்லிலேயே உட்கார்ந்து சாப்பிடுவார்கள், அதிலேயே சாய்வார்கள். தள்ளிப் போடச் சொன்னேன். பக்கத்து வீட்டு நர்தேயி, "பனியில மாடு பட்டினி கெடந்தா உங்க பயத்தையா தின்னும்?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

8. ஆகவே, 17ஆம் தேதிக்குள் எங்கள் நிலையத்துக்கு இந்த மாத்திரையை அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். திரை கட்டிய அறையில் டோராவை அவிழ்த்துப் பார்க்க ஒரு பெண் பணியாளரையும் அனுப்புங்கள். வாசலில் நிற்கும் ஆண்பிள்ளை சொல்வதை இனி பதிவேட்டில் எழுத வேண்டாம் என்று உத்தரவிடுங்கள்.

9. இந்த மனுவைத் தங்களிடம் கொண்டுவருபவன் ஜர்மு. சென்ற ஆண்டு அவன் மலையிறங்கி வருவதற்குள் ரசாலோவின் சாம்பலையும் ஆற்றில் கரைத்துவிட்டோம். அண்ணிக்குக் காய்ச்சல் என்றதும், எழுதி முடிக்கும்வரை என் பக்கத்திலேயே நின்றான். பேசத் தெரியாதவன், தங்கள் வாசலில் சும்மா நிற்பான். எத்தனை மாத்திரை, எந்த வேளை என்று ஒரு சீட்டில் எழுதி, மாத்திரையை அவன் கையிலேயே கொடுத்தனுப்புங்கள் ஐயா. திரும்பி வர அவனுக்கு ஐந்து மணி நேரம் ஆகும். இன்றே அவன் புறப்பட வேண்டும்.

தங்கள் இரக்கத்தை நம்பியிருக்கும்,
ஹோஷியாரு ராம்
(கையொப்பம்)

இடம்: உப்ரலா கராட்
நாள்: 13.09.2022