இட்டேரியில் ஒரு சின்ன டிராக்டர்

வேலம்பதி,
பொள்ளாச்சி வழி.
9 ஜூன் 2024

நித்யாவுக்கு,

போய்ச் சேர்ந்ததும் எழுதுகிறேன் என்றாய். எழுதவில்லை. மலைப் பள்ளியில் போன் சிக்னல் கிடையாது என்று உன் அம்மா சொன்னார்கள். தபால்பெட்டி கூடவா கிடையாது? போகட்டும், நானே தொடங்குகிறேன்.

நீ ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று, உன் அம்மாவும் அண்ணனும் பக்கத்தில் நிற்க, "கொப்பரைக் கொட்டகையில கெடக்கற அப்பாவோட சின்ன டிராக்டர நீ எடுத்துக்க கயல், அது இனி உனக்குத்தான்" என்றாயே, அதை எடுத்து வந்துவிட்டேன். ஓட்டி இல்லை, இழுத்து. என் அப்பாவும் பக்கத்து வீட்டு நஞ்சுண்டனும் முன்னால் கயிறு பிடித்தார்கள், நான் பின்னால் தள்ளினேன். உன் அண்ணன் அருள்குமார் வாசலில் நின்று, "ஏனம்மணி, இரும்புக்கடை அந்தப் பக்கமுங்க" என்றார். நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். உங்கள் தோட்டத்திலேயே முதுகு வளைந்த என் அப்பாவும் சிரித்தார். அவர் சிரித்ததுதான் எனக்கு எரிந்தது.

வால்பாறை எஸ்டேட் ஏலத்தில் உன் அப்பா எடுத்த வண்டி, நம் இருவரைவிடவும் வயது கூடியது. இஞ்சின் இறுகிக் கிடக்கிறது. காற்று வடிகட்டிக்குள் எலி குட்டி போட்டிருக்கிறது. சிலிண்டரைச் சுற்றிக் குளவி மண். பெட்ரோல் டேங்கைத் தட்டினால் துரு கொட்டுகிறது. பீளமேட்டுப் பம்ப் கம்பெனியில் என்னிடம் மூன்று வருஷம் ஒப்பந்தத்தில் வேலை வாங்கிவிட்டு, நிரந்தரம் ஆக்க வேண்டிய நேரத்தில் "சொல்லி அனுப்பறோமுங்க" என்று அனுப்பினார்கள். அதிலிருந்து கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

இதை வைத்து அழகு பார்க்கும் எண்ணம் எனக்கு இல்லை. தினப்படி வேலைக்கு வேண்டும். எங்கள் காலனிக்குப் பட்டா கொடுத்த நிலம் கரட்டோரத்தில் இருப்பது உனக்குத் தெரியும். ஆளுக்கு அரை ஏக்கர், முக்கால் ஏக்கர். இரண்டு பக்கமும் வேலி நெருக்கும் வழி, அந்த இட்டேரியில் பெரிய டிராக்டர் நுழையாது. பவர் டில்லர்காரர் பெரிய தோட்டங்களை எல்லாம் முடித்துவிட்டு எங்களிடம் வருவதற்குள் மண்ணில் ஈரம் காய்ந்துவிடும். வருஷா வருஷம் காய்ந்த மண்ணில் சோளத்தைப் போட்டுக் காக்காய்க்குத் தீனி வைக்கிறோம். மழை பெய்த மறுநாள் எங்கள் ஆட்களும் விதைக்க வேண்டும். அதற்குத்தான் இது.

கயல்விழி

◆

மலைப் பள்ளி,
அந்தியூர் வழி.
30 ஜூன் 2024

அன்புள்ள கயல்,

கோபித்துக்கொள்ளாதே. இங்கே தபால் பை பஸ்ஸில்தான் மேலே வரும், மழையென்றால் பஸ்ஸும் வராது. உன் கடிதத்தை வகுப்பில் வைத்தே படித்தேன். பிள்ளைகள், "டீச்சர் யாருங்க எழுதுனது, தனியாச் சிரிக்கறீங்க" என்கிறார்கள்.

வந்த வாரமே ஒரு சண்டை. சத்துணவு முட்டைக்குப் பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது ஊர்ப்பெரியவரின் பேரனை எப்போதும் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார்களாம். நான் அவனைப் பின்னால் போய் நில்லு என்றேன். தாத்தா பள்ளிக்கே வந்துவிட்டார். "டீச்சர் ஊருக்குப் புதுசு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பையன் இப்போதும் பின்னால்தான் நிற்கிறான்.

டிராக்டரை நீ எடுத்துக்கொண்டது எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா. முன்தகட்டில் மஞ்சள் எழுத்தில் அப்பா பெயர் இருக்கும், அதை மட்டும் அழித்துவிடாதே. பழையபடி நீலப் பெயின்ட் அடித்தால் அப்பாவையே பார்த்த மாதிரி இருக்கும். நாம் இரண்டு பேரும் அவர் மடியில் உட்கார்ந்து தென்னந்தோப்பைச் சுற்றி வருவோமே, ஞாபகம் இருக்கிறதா?

உன் அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன்,
நித்யா

◆

வேலம்பதி,
11 ஆகஸ்ட் 2024

நித்யா,

நான் உட்கார்ந்ததில்லை. நீ மடியில் இருந்தாய். நான் பின்னால் தேங்காய் பொறுக்கிக்கொண்டு ஓடி வந்தேன். நீ திரும்பித் திரும்பிக் கையாட்டுவாய். இத்தனை வருஷத்தில் உன் நினைவில் நானும் ஏறி உட்கார்ந்துவிட்டேன் போலிருக்கிறது. நேற்றுதான் அந்த சீட்டில் முதல் தடவை உட்கார்ந்தேன். ஒரு ஸ்பிரிங் குத்துகிறது.

வண்டி ஓடுகிறது.

டீசலும் ஆயிலும் கலந்து பிளக் ஓட்டை வழியாக ஊற்றிவிட்டு, தினமும் ஃப்ளைவீலை முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டிருந்தேன். ஒரு காலையில் நகம் அளவு நகர்ந்தது. டேங்குக்குள் ஜல்லிக்கல் போட்டு நானும் நஞ்சுண்டனும் மாறி மாறிக் குலுக்கித் துருவை எடுத்தோம். கார்புரேட்டர் அடைப்புக்குப் பிரேக் ஒயரின் ஒற்றை இழை. கியர்ப்பெட்டியைத் திறந்தால் ஆயில் தண்ணீர் கலந்து மோராக இருந்தது. பெல்ட் மாவு மில்லில் போடுவது. டயர் பொள்ளாச்சியில் பழைய பவர் டில்லரிலிருந்து கழற்றியது. கயிறு சுற்றி இழுத்து இழுத்துத் தோள் இறங்கிப்போன நேரத்தில் புகை வந்தது, பிறகு சத்தம். அம்மா ஓடி வந்து, "நிறுத்துடி, அடைக்கு உக்காந்த கோழியெல்லாம் எந்திரிச்சு ஓடுது" என்று கத்தினாள்.

கலப்பையை ஆழமாக இறக்கியதும் முன்சக்கரம் குதிரை மாதிரி மேலே தூக்கிக்கொண்டது. முன்னால் உடைந்த ஆட்டுக்கல் ஒன்றைக் கட்டியிருக்கிறேன். இப்போது அடங்கிப் போகிறது.

பெயின்ட் அடிக்கவில்லை. பெயின்ட் உழாது. ஆயில் துணியால் துடைக்கிறேன், துரு மேலே ஏறாமல் இருந்தால் போதும். உன் அப்பா பெயரில் கை வைக்கவில்லை. பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப்பெயர் மட்டும் ஆயில் வழிந்து வழிந்து போய்விட்டது. நான் அழிக்கவில்லை. காப்பாற்றவும் இல்லை.

எரு இழுக்கிறேன், மட்டை இழுக்கிறேன், தண்ணீர் டிரம் இழுக்கிறேன். மழைக்கு இப்போதே ஆட்கள் முறை கேட்கிறார்கள். கேட்ட வரிசையில்தான் உழவு என்று சொல்லிவிட்டேன். முதலில் நஞ்சுண்டன், அடுத்து ரம்ஜான் பீவி, அவர் குத்தகைக்குப் பிடித்திருக்கும் சோளக் காடு. அப்புறம் மற்றவர்கள். காலனியில் எங்கள் காட்டுக்குத்தான் கடைசி. அம்மா அதற்கும் திட்டுகிறாள்.

கயல்

◆

மலைப் பள்ளி,
22 செப்டம்பர் 2024

அன்புள்ள கயல்,

அண்ணன் இங்கே வந்திருந்தான். அம்மா கொடுத்துவிட்ட முறுக்கில் உனக்கும் ஒரு பங்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

ஒரு விஷயம். புதிதாக வைத்த தென்னங்கன்றுகளுக்கு நடுவே தீவனச் சோளம் விதைக்கப் போகிறான். சொட்டுநீர்க் குழாய் போட்டிருப்பதால் பெரிய டிராக்டரை விட்டால் நசுங்கிவிடும், உன் வண்டிதான் சரி என்கிறான். பார்த்தாயா, இரும்புக்கடை என்றவனே தேடி வருகிறான்.

மழை பெய்ததும் முதல் உழவு நம் தோட்டத்தில் ஓட்டிக் கொடுத்துவிடு. ஒரே ஒரு நாள்தான். மறுநாளிலிருந்து உன் வரிசைப்படி போ. அது அப்பா வாங்கிய வண்டி என்ற எண்ணம் அவனுக்கும் அம்மாவுக்கும் இருக்காதா? உரிமை என்று சொல்லவில்லை கயல். ஒரு மரியாதை.

என் பேச்சை நீ தட்டமாட்டாய் என்று அண்ணனிடம் சொல்லி அனுப்பிவிட்டேன்.

உன்,
நித்யா

◆

வேலம்பதி,
20 அக்டோபர் 2024

நித்யா,

அண்ணனிடம் சொல்லி அனுப்பிவிட்டாய். என்னைக் கேட்கவில்லை.

ஈரம் இரண்டு நாள் நிற்கும். நீ கேட்ட "ஒரே ஒரு நாள்" அதில் பாதி. அந்தப் பாதியைத்தான் எங்கள் ஆட்கள் இத்தனை வருஷமாக யாருக்கோ மரியாதையாகக் கொடுத்துவந்தார்கள்.

உன் கடிதம் வந்த அன்றே உங்கள் வீட்டுக்குப் போனேன். காலனி வரிசை முடிந்ததும் அடுத்த முறை உங்களுக்கு என்று அருள்குமாரிடம் சொன்னேன். "சரிங்கம்மணி, உங்க இஷ்டமுங்க" என்றார். உன் அம்மா பேப்பர் கப்பில் டீ கொடுத்தார்கள். உள்ளே எல்லோரும் எவர்சில்வர் டம்ளரில் குடித்துக்கொண்டிருந்தார்கள். குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

போன வாரத்துக்கு முந்திய வாரம் நல்ல மழை. விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போனால், இட்டேரி வாயில் உன் அண்ணன் கார் குறுக்கே நிற்கிறது. அவரும் நிற்கிறார்.

"காரைக் கொஞ்சம் எடுங்க."

"சாவி சம்சாரத்தோட பேக்குல போயிருச்சுங்க. பொள்ளாச்சி போயிருக்காங்க. சாயங்காலம் வந்துருவாங்க."

"சாயங்காலம் வந்தா ஈரம் இருக்குமுங்களா?"

"அதுதான் நானும் நெனச்சேன். அதுவரைக்கும் வண்டி சும்மாதான நிக்கப்போகுது, நம்ம தோட்டத்துல ஓட்டிப்போடலாமுங்களே."

ஒரு வார்த்தை தடிக்கவில்லை. நம் ஊரில் யாரும் யாரையும் அடிக்கிற மாதிரி பேசுவதே இல்லை நித்யா. எதைச் செய்தாலும் 'ங்க' போட்டுத்தான் செய்வார்கள். புகார் கொடுக்கப் போனால், மரியாதையாகத்தானே பேசியிருக்கிறார் என்பார்கள்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. காலனி ஆட்கள் விதைப் பையோடு பின்னால் நின்றார்கள். நஞ்சுண்டன் என் காதருகே, "காரப் புடிச்சு வாய்க்காலுக்குள்ள உருட்டிரலாமா?" என்றான். அப்போதுதான் என் அப்பா வாயைத் திறந்தார். அவர் பேசி நீ கேட்டிருக்க மாட்டாய்.

"கார எதுக்குடா தொடறீங்க. டிராக்டரத் தூக்குங்கடா."

கலப்பையைக் கழற்றினோம். ஆட்டுக்கல்லை அவிழ்த்தோம். அடியில் இரண்டு போர்வெல் குழாய்களைக் கொடுத்துக் கயிறு போட்டுக் கட்டி, ஆணும் பெண்ணுமாகத் தோள் கொடுத்துத் தூக்கினோம். வேலியை ஒட்டின சிமென்ட் வாய்க்காலில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நடந்து, காருக்கு அந்தப் பக்கம் ஏற வேண்டும். தீப்பொறி கொடுக்கிற மேக்னட்டோவில் தண்ணீர் பட்டால் அன்றைய உழவே போச்சு. நான் அதன்மேல் என் துப்பட்டாவைச் சுற்றிக் கட்டிவிட்டுப் பின்பக்கம் தோள் கொடுத்தேன். ரம்ஜான் பீவி கரையில் கூடவே நடந்து, "மூச்சுப் புடிக்காதீங்கடா, கொடல் எறங்கிரும். டேய் நஞ்சுண்டா, நீ தூக்கறயா தொங்கறயா?" என்று அதட்டிக்கொண்டே வந்தார். பாரத்தோடு சிரிப்பு வந்தால் முட்டி மடங்கிவிடும். எப்படியோ மடங்காமல் ஏறிவிட்டோம். உன் அண்ணன் காரில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார், நாங்கள் அங்கே இல்லாத மாதிரி.

மறுநாள் பொழுது சாய்வதற்குள் காலனிக் காடு முழுக்க விதைத்தாயிற்று. எங்களுடையதும் சேர்த்து. சோளம் முளைத்துவிட்டது. உங்கள் முறை வந்தபோது ஆள் அனுப்பிக் கேட்டேன். "ஈரம் போச்சுங்க, வேண்டாமுங்க" என்றார்கள். அடுத்த மழைக்கு முதல் முறை உங்களுக்குத்தான்.

முட்டை வரிசையில் பெரியவர் பேரனைப் பின்னால் நிறுத்தினாயே, அந்த டீச்சருக்குத்தான் இதை எழுதுகிறேன். அருள்குமார் தங்கைக்கு இல்லை.

கயல்

◆

மலைப் பள்ளி,
5 நவம்பர் 2024

கயல்,

தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை. நீ காட்டில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்ததைக் கரையிலிருந்து பார்த்தேன். அப்படியே திரும்பிவிட்டேன்.

அண்ணன் செய்தது தப்புதான். அவனிடமே சொன்னேன். ஆனால் ஊர் முழுக்க அதையே சொல்லிச் சிரிக்கிறது. கடைத்தெருவில் அவன் தலையைக் கண்டாலே, "டிராக்டர் தண்ணியில போகுமுங்களா" என்று கேட்கிறார்களாம். அம்மா வெளியே போவதில்லை. அப்பா திதிக்கு முன்னால் வண்டிக்கு நீலப் பெயின்ட் அடித்து வீட்டு முன்னால் நிறுத்தி வைக்க ஆசைப்படுகிறார்கள். நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அண்ணன் லோடு ஆட்டோவோடு வருவான். கொடுத்துவிடு. புதுப் பவர் டில்லருக்குச் சொசைட்டியில் சொல்லி உன் பெயரில் ஏற்பாடு செய்து தருகிறானாம். உனக்கு நஷ்டமில்லை. பிடுங்கிக்கொள்வதாக நினைக்காதே. நம் இருவருக்கும் நடுவில் ஒரு இரும்புத் துண்டு வரக்கூடாது என்றுதான் கேட்கிறேன்.

நித்யஸ்ரீ

◆

வேலம்பதி,
11 நவம்பர் 2024

நித்யா,

நேற்று உன் அண்ணன் வந்தார். லோடு ஆட்டோவும் இரண்டு ஆட்களும். எங்கள் வீட்டில் வண்டி இல்லை. "எங்கீங்க?" என்று அம்மாவைக் கேட்டிருக்கிறார். "உங்க தோட்டத்துலதானுங்க" என்றாளாம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி மழை. முதல் முறை உங்களுடையது என்று எழுதியிருந்தேன் அல்லவா? சனிக்கிழமை உங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பினேன், பதில் இல்லை. பதில் இல்லாவிட்டாலும் முறை முறைதான். நேற்று விடிந்ததும் போய்க் கலப்பையை இறக்கிவிட்டேன்.

அவர் வந்து சேர்ந்தபோது பாதிக் காடு உழுதிருந்தது. ஆட்டோவை வரப்போரம் நிறுத்தினார். கூட வந்த ஆள், "ஏத்திரலாமுங்களா?" என்று கேட்டது இஞ்சின் சத்தத்திலும் என் காதில் விழுந்தது. நான் நிறுத்தவில்லை. அவர் உழுத பக்கத்தைப் பார்த்தார், உழாத பக்கத்தைப் பார்த்தார். குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்திப் பார்த்தார். பிறகு அந்த ஆளிடம், "முடியட்டும்" என்றார்.

மதியத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு குழாயும் நசுங்கவில்லை. கடைசிச் சால் ஓட்டிவிட்டு வரப்பில் ஏறினேன்.

"இப்ப எடுத்துக்கட்டுமுங்களா?" என்றார்.

"அடுத்து அழகிரிசாமி அண்ணன் வாழைக்காடுங்க. ஈரம் காயறதுக்குள்ள போகோணும்."

"நித்யா உங்களுக்கு எழுதலீங்களா?"

"எழுதியிருக்காங்க."

"அப்பறம்?"

"உங்க முன்னாடி, உங்கம்மா முன்னாடி, வாயால குடுத்தாங்க. வாயால வந்து கேக்கட்டும்."

ஆட்டோக்காரர் வண்டியைப் பின்னால் எடுத்து எனக்கு வழி விட்டார். நான் போய்விட்டேன். இன்றைக்குப் போலீஸ் வருமா, பஞ்சாயத்து கூடுமா, அப்பாவைத் தோட்ட வேலைக்கு வரவேண்டாம் என்பார்களா, தெரியவில்லை. அம்மா காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கும் எழுத உட்கார முடியவில்லை. எழுந்து எழுந்து போய்த்தான் இதை எழுதுகிறேன்.

இரும்புத் துண்டு என்று எழுதியிருக்கிறாய். இரும்புத் துண்டாகக் கிடந்தவரை உங்கள் வீட்டில் யாரும் அதைக் கேட்கவில்லை. உழ ஆரம்பித்த பிறகுதான் அது உன் அப்பா ஞாபகம் ஆயிற்று. பெயின்ட் அடித்து வாசலில் நிறுத்தினால் அது திரும்ப இரும்புத் துண்டாகிவிடும். பவர் டில்லர் வேண்டாம். அதை வாங்கினால் அடுத்த மழைக்கு நான் யார் சொல்கிற வரிசையில் ஓட்டுவேன் என்று உனக்கும் தெரியும்.

கடிதத்துக்கு நான் வண்டியைக் கொடுக்க மாட்டேன். நீ கொடுத்ததைத் திரும்பக் கேட்கிறாய் என்றால் இறங்கி வா. என் முன்னால் நின்று, "கயல், அது உனக்கு இல்லை" என்று சொல். சொன்ன நிமிஷமே வண்டியைக் கிளப்புகிற கயிற்றை உன் கையில் கொடுத்துவிட்டு நடந்துவிடுவேன். அது முடியாதென்றால் இதற்குப் பதில் எழுதாதே. முறுக்கும் அனுப்பாதே.

வருவதென்றால் காலை ஆறு மணிக்கு முன்னால் வா. அதற்கு மேல் நான் காட்டில் இருப்பேன்.

மா. கயல்விழி