ஆறாவது கார்டும் சந்தனப் பொட்டும்

சுபா,

குழம்பு அடுப்பில் இருக்கிறது, சுடவைத்துக்கொள். மாடி அறைச் சாவி காலண்டர் ஆணியில். ஃபேன் மாட்ட ஆள் வந்தால் நாளைக்கு வரச் சொல்.

மிஷினின் மதர்போர்டு சாகவில்லை. ஆயுத பூஜையன்று உன் அண்ணன் முன்னால், "ஒன் சந்தனம் வழிஞ்சுதான் ஒரு ஸ்லாட்டு செத்துப்போச்சு" என்று கத்தினேனே, அது பொய். நீ பொட்டு வைத்தது வெளியே இரும்புச் சட்டத்தில்தான். கிரிப்டோ காயின் எடுக்கும் கம்ப்யூட்டர் மிஷினுக்கு ஆறு கிராபிக்ஸ் கார்டு மாட்டணும் என்று, ஸ்லாட்டை மட்டும் எண்ணிப் பார்த்து அந்தப் போர்டை எடுத்தவன் நான். கடையில் மெக்கானிக் சிரித்துவிட்டான்: "அண்ணே, இந்தச் சின்ன டிஸ்க மாட்டுனா ஆறாவது ஸ்லாட்டு வேல செய்யாது. கூட வந்த பொஸ்தகத்துலயே போட்டிருக்கே!" நீயும் போர்டு வாங்கி வந்த அன்றைக்கு, "அதப் படிச்சிட்டு மாட்டுங்க" என்றுதான் சொன்னாய்.

இது எனக்கு முந்தாநாளே தெரியும். நேற்று நீ பழைய பிரஷ்ஷை வைத்து, காய்ந்த சந்தனத்தைச் சட்டத்திலிருந்து தேய்த்து எடுத்தபோது கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. கத்தியதைவிட அதுதான் அசிங்கம்.

கப்பலூருக்கு, உன் அண்ணன் வீட்டுக்குப் போறேன். அண்ணன் முன்னால்தானே கத்தினேன், அவரிடமும் சொல்லிவிட்டு வாரேன்.

அந்தச் சின்ன டிஸ்கைக் கழற்றிவிட்டு வேறு டிஸ்க் போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டேன், ஆறும் ஓடுகிறது.

பி.கு: நீ துடைத்த இடத்தில் நானே பொட்டு வைத்தேன். கோணலாக வந்தது, அழித்துவிட்டேன். மிஷினை நிறுத்தித்தான் வைத்திருக்கிறேன். மனசு வந்தால் ஒரு பொட்டு வைத்துவிட்டு, நீயே சுவிட்சைப் போடு.