மெஷின் வாங்கவில்லை, பாப்பா

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் தம்பியும் நல்ல சுகம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது, மற்றபடி ஒன்றும் குறைவில்லை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, சுகமாக இருக்கிறேன் என்று எழுதுவாய், நாங்கள் நம்பமாட்டோம், ஆனாலும் எழுது. இரண்டு நாளைக்கு ஒருமுறை போனில் பேசுகிற மனிதருக்கு இப்போது என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் நீ குறுக்கே பேசுவாய், அதற்குள் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள், சொல்ல வந்தது அந்தரத்தில் தொங்கும். கடிதத்தில் யாரும் குறுக்கே வர முடியாது. கல்யாணமான நாளிலிருந்து எனக்கு வாய்க்காத வசதி இது, ஆகவே நிதானமாக எழுதப்போகிறேன்.

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எட்டு மாதத்துக்கு முன்னால் நீ இந்தக் கம்பெனியில் சேர்ந்தபோது அவர்கள் கொடுத்த ஜாயினிங் போனஸை ஒரு நாள்கூட உன் கையில் வைத்துக்கொள்ளாமல், நம் சலவைக் கடைக்குப் புது மெஷின் வாங்கச் சொல்லி எனக்கு அனுப்பினாயே, அந்த மெஷினை நாங்கள் வாங்கவில்லை. நான் அதன்மேல் கைவைத்துக்கொண்டு நிற்கிற படம் அனுப்பினேன் இல்லையா, அது மெஷின் விற்கிறவர்களின் ஷோரூமில் எடுத்தது. மகளிடம் காட்டிக் கேட்டுவிட்டு வாங்குகிறேன் என்று அங்கிருந்த விற்பனையாளரிடம் சொன்னேன். அவர் மகிழ்ந்துபோய் எனக்குக் குளிர்பானம் கொடுத்து, கம்பெனி பெயர் போட்ட தொப்பியும் மாட்டிவிட்டு, தானே நாலைந்து படம் எடுத்துக்கொடுத்தார். பின்னால் அதே மாதிரி இன்னும் ஆறு மெஷின் வரிசையாக நின்றன, அதையெல்லாம் தம்பி வெட்டி எடுத்துவிட்டுத்தான் உனக்கு அனுப்பினான். கடைக்குள் எதற்கு ஷூ போட்டிருக்கிறீர்கள் என்று நீ கேட்டபோது எனக்கு வியர்த்துவிட்டது. அன்றிலிருந்து நீ மெஷின் எப்படி ஓடுகிறது என்று கேட்பதும் நான் சத்தமே இல்லை என்று சொல்வதும், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். இல்லாத மெஷினுக்கு ஏது சத்தம். அந்த விற்பனையாளர் இன்னும் வாராவாரம் கூப்பிட்டு உன் முடிவைக் கேட்கிறார், அவரிடம் உன்னை ரொம்ப யோசிக்கிற பெண் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஏன் வாங்கவில்லை என்று சொல்கிறேன், கோபப்படாமல் படி. பணம் வந்த அன்று நான் தலைகால் புரியாமல் இருந்தேன். பழைய மெஷினை நாம் யானை என்று கூப்பிடுவோமே, அது பிழிகிற வேகத்தில் தானாகவே நகர்ந்து வாசல்வரை போய்விடுகிறது, அதன் காலுக்குக் கட்டை முட்டுக் கொடுத்துக் கொடுத்து என் இடுப்பு போனதுதான் மிச்சம். உடனே அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். உன் அம்மாதான், கம்பெனி உனக்குக் கொடுத்த வேலைக் கடிதத்தை முதலில் பார்க்கவேண்டும் என்று உன்னிடம் கேட்டு வாங்கினாள். மகள் கையெழுத்தை ஆசையாகப் பார்க்கக் கேட்கிறாள் என்று நீ நினைத்திருப்பாய். அவள் இருபத்திரண்டு வருடம் செருப்புத் தொழிற்சாலையில் சம்பளப் பிரிவில் உட்கார்ந்தவள், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒன்பது பக்கத்தையும் படித்தாள். ஆறாவது பக்கத்தில் விரலை வைத்து என்னைக் கூப்பிட்டாள். இரண்டு வருடம் முடிவதற்குள் நீயாக வேலையை விட்டால் போனஸ் முழுவதையும் திருப்பிக் கட்டவேண்டும் என்று இருந்தது. அதுகூடப் பரவாயில்லை, பிடித்தம் போவதற்கு முன் உள்ள தொகையை என்று இருந்தது.

எனக்கு அது முதலில் புரியவில்லை, அம்மா புரியவைத்தாள். கம்பெனி உனக்குக் கொடுத்தது நூறு என்று வைத்துக்கொள். வரிக்கு முப்பது பிடித்துக்கொண்டு உன் கைக்கு வந்தது எழுபது. அந்த எழுபதை நீ எங்களுக்கு அனுப்பினாய். நீ வேலையை விட்டால் அவர்கள் நூறைக் கேட்பார்கள். இது என்ன அநியாயம் என்று நான் கத்தினேன். அப்போதுதான் அவள் தொழிற்சாலையில் ஒரு மெக்கானிக் இருந்த கதையைச் சொன்னாள். அவருக்கும் சேரும்போது இப்படிப் பணம் கொடுத்திருக்கிறார்கள், அவர் அதில் மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கிறார், ஐந்தாவது மாதமே மேலாளரோடு ஒத்துப்போகாமல் ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டார். கணக்கு முடிக்க அம்மாவின் மேஜைக்கு வந்தவர், தாளைப் பார்த்துவிட்டு ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்று, “அம்மா, நான் வாங்காத காச நான் எப்படிம்மா திருப்பிக் குடுப்பேன்?” என்று கேட்டிருக்கிறார். கடைசிச் சம்பளத்தையும் பிடித்துக்கொண்டு மீதிக்குத் தவணை எழுதிக் கையெழுத்து வாங்கியது உன் அம்மாதான். அந்தக் கதையை இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் சொன்னதே இல்லை. சொல்லி முடித்துவிட்டு, மெஷின் வேண்டாம், இந்தப் பணம் இரண்டு வருடத்துக்கு நம்முடையது இல்லை என்றாள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மனது கேட்கவில்லை. மூன்று நாள் அவளோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு கடையில் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன், அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை, அது எனக்கு இன்னும் கோபம். நாலாம் நாள் நானே வழிக்கு வந்தேன். மாதாமாதம் புதுப்பிக்கிற டெபாசிட்டில் போட்டோம், வட்டி உப்புக்கும் புளிக்கும்கூட வராது, ஆனால் நினைத்த நேரத்தில் எடுக்கலாம். உன்னிடம் சொன்னால் நீ விடமாட்டாய், வாங்கியே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பாய், அதனால்தான் அந்தத் தொப்பி நாடகம். யானைக்குப் புது பெல்ட்டும் பேரிங்கும் போட்டதில் இப்போது ஒரு முழம்தான் நகர்கிறது. அதைக் கொண்டே தெருமுனை உடற்பயிற்சிக் கூடத்தின் துண்டுகளை எல்லாம் வாராவாரம் துவைத்துக்கொடுக்கிறேன். எத்தனை பேர் அங்கே இவ்வளவு வியர்வை சிந்துகிறார்கள், ஒருத்தர்கூட இளைத்த மாதிரி தெரியவில்லை. அந்தக் காசு முழுவதும் உன் டெபாசிட்டோடுதான் சேர்ந்தது. வரிக்குப் போன முப்பதும் இப்படி நிறைந்து, போன மாதம் நூறு ஆனது.

இரண்டு வருடமும் முடிந்த பிறகு சொல்லலாம் என்றுதான் இருந்தோம். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை தம்பி வாயிலிருந்து விஷயம் வந்துவிட்டது. சொல்லக்கூடாது என்று நீ அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாயாம், பாவம், உன் அம்மா கேட்கிற விதத்தில் கேட்டால் சுவரும் பேசும், அவனைத் திட்டாதே. மருந்துப் பரிசோதனைக் கூடத்தில் வேலை என்று சேர்த்துக்கொண்டு, மூன்றாம் மாதமே ஜன்னல் இல்லாத அறையில் காதில் ஹெட்போனை மாட்டி, வாடிக்கையாளர் புகார் கேட்க உட்காரவைத்துவிட்டார்களாமே. நீ குடுவையைக் கையில் தொட்டு ஐந்து மாதம் ஆகிறதாமே. உனக்குப் பாடம் எடுத்த பேராசிரியை சின்னதாக ஒரு பரிசோதனைக் கூடம் தொடங்கி உன்னைக் கூப்பிட்டாராம், சம்பளம் குறைவு ஆனால் உனக்குப் பிடித்த வேலை, இந்த மாதக் கடைசிக்குள் பதில் கேட்டாராம். நீ தம்பியிடம், “அப்பா மெஷின் வாங்கிட்டாரு, இனி அத எப்படிடா கேக்கறது? இன்னும் பதினாறு மாசம்தானே, பல்லக் கடிச்சிட்டு இருந்துடறேன்” என்று சொன்னாயாம். இதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது பாப்பா. நாங்கள் வாங்காத ஒரு மெஷினுக்காக என் பெண் அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறாள். நான் வேறு போனில் சத்தமே இல்லை, சத்தமே இல்லை என்று பெருமையடித்திருக்கிறேன்.

இனி உன் அம்மா சொல்லச் சொன்னது, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீ இருக்கிற நாட்டுச் சட்டம் அவளுக்குத் தெரியாது, ஆகவே எதையும் வாய்ப்பேச்சாக விடாதே, எல்லாவற்றையும் எழுத்தில் கேள். அங்கே வரி ஆண்டு அடுத்த மாதத்தோடு முடிகிறது என்று தம்பி பார்த்துச் சொன்னான். பல இடங்களில் அதே ஆண்டுக்குள் திருப்பிக் கட்டினால் கம்பெனியே வரிக்கணக்கைச் சரிசெய்துகொண்டு கைக்கு வந்த எழுபதை மட்டும் வாங்கிக்கொள்ளுமாம், ஆண்டு தாண்டிவிட்டால் நூறையும் கட்டிவிட்டு வரி அலுவலகத்தில் நாம்தான் முப்பதைக் கேட்டு நடக்கவேண்டி வருமாம், அங்கே எப்படி என்று கேட்டுக்கொள். வேலையின் கடைசி நாள் என்பது ராஜினாமா எழுதிக்கொடுக்கிற நாளா, நோட்டீஸ் காலம் முடிகிற நாளா என்று கேள். ஒரு வருடம் முடிந்தால் பாதி கட்டினால் போதும் என்று ஏதாவது இருக்கிறதா என்றும் கேள், உன் கடிதத்தில் இல்லை, ஆனால் கேட்பதில் நஷ்டம் இல்லை. கேட்காமல் கடைசிச் சம்பளத்தில் பிடித்துவிடப்போகிறார்கள், அதற்கு முன் கணக்கைத் தாளில் வாங்கு. பேராசிரியை பெரிய மனதோடு அந்தப் பணத்தை நான் கட்டுகிறேன் என்று சொன்னால் வேண்டாம் என்று சொல். அதையும் உன் வருமானமாகச் சேர்த்து வரி போடக்கூடும், புது இடத்திலும் இத்தனை வருடம் இருக்கவேண்டும் என்று ஒரு பக்கம் எழுதக்கூடும், ஒரு கயிற்றை அவிழ்த்து இன்னொரு கயிற்றில் கட்டின கதையாகிவிடும். நீ ஏமாந்துவிட்டாய் என்று நாங்கள் நினைக்கவில்லை. சந்தோஷத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் யாரும் ஆறாவது பக்கம் படிப்பதில்லை, நானாக இருந்தால் முதல் பக்கமே படித்திருக்கமாட்டேன்.

வேலையை விடு என்று நான் சொல்லவில்லை. உன் வேலை உனக்குத்தான் தெரியும். அங்கேயே நல்லது நடக்கும் என்று உனக்குத் தோன்றினால் தாராளமாக இரு. பிடித்திருந்தால் இரு, அப்பாவுக்காக இருக்காதே, அவ்வளவுதான். நேற்று காலை வங்கிக்கு நாங்கள் இரண்டு பேரும் போய் நூறையும் உன் கணக்குக்கு அனுப்பிவிட்டோம். ஏற்கனவே ஒரு படம் காட்டி ஏமாற்றியவன் பேச்சை நீ எப்படி நம்புவாய் என்று அம்மா வங்கிச் சீட்டையும் இந்தக் கடிதத்தோடு வைக்கச் சொன்னாள், வைத்திருக்கிறேன். கூரியர்காரர் நான்கு நாள் என்கிறார், மாதக் கடைசிக்கு அதற்கு மேலும் ஆறு நாள் இருக்கிறது.

நீ நீண்ட ஆயுளோடும் நல்ல உடம்போடும், செய்கிற வேலையில் மனசு நிறைந்தும் இருக்கவேண்டும் என்று நானும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம். பேராசிரியைக்கு நாள் தவறாமல் பதில் சொல்லிவிடு, சரி என்றாலும் இல்லை என்றாலும் சொல்லிவிடு. கம்பெனியில் பேசும்போது தலையைக் குனிந்துகொண்டு பேசாதே, யாருக்கும் நீ கெடுதல் செய்யவில்லை. பணம் கணக்கில் ஏறியதும் வந்தது என்று ஒரு வார்த்தை அனுப்பினால் போதும். நன்றி என்று மட்டும் எழுதிவிடாதே, அம்மாவுக்குக் கெட்ட கோபம் வரும், அது உன் பணம் என்கிறாள். அதில் முப்பது யானையுடையது என்று நான் சொன்னேன், அதுவும் உன்னுடையதுதான் என்று சொல்லிவிட்டாள், சரிதான்.

இப்படிக்கு,
மெஷின் வாங்காத உன் அப்பா