சூட்டோடு வை என்றாய்

சிட்டு,

உன் தங்கச்சி போன ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு பிஸ்கட் தகரத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். "அக்காவோட வருஷத் திவசம் முடிஞ்சிருச்சுங்க. சாமானெல்லாம் ஒதுங்க வச்சோம். இது ஒங்க வீட்டுத் தகரம்னு அம்மா சொன்னுச்சு" என்றாள். மூடியைத் திறந்ததும் புகை வாசம் அடித்தது. எங்கள் வீட்டு அடுப்புப் புகைதான், எனக்குத் தெரியாதா? உள்ளே உன் கெமராவுக்குப் போடுகிற நான்கு பெட்டரி. இரண்டில் நீ வைத்த சிவப்பு நகப்பூச்சுப் பொட்டு அப்படியே இருந்தது. அடியில் எட்டாக மடித்த ஒரு கடதாசி.

பெட்டரியோடு வருகிற கடதாசிபோல, இங்கிலீஷில் இருந்தது. கலா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நோர்வூட்டிலிருந்து வந்திருந்தாள். அவளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். எழுத்துக் கூட்டி வாசித்தவள் நடுவில் நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"அம்மா, பெட்டரிய நெருப்புக்கிட்ட வைக்கக் கூடாதாம். சூடு பட்டா கெட்டுப் போகுமாம்."

"சூடா? திருப்பி வாசி."

திருப்பி வாசித்தாள். அதையேதான் சொன்னாள். அன்றிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை, சிட்டு. உன்னிடம் கேட்காமல் தீராது. கேட்கவும் முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நீ குவைத்திலிருந்து வந்த நாள் ஞாபகம் இருக்கிறது. மற்றவர்கள் டீவி கொண்டுவந்தார்கள், கம்பளி கொண்டுவந்தார்கள். நீ கைக்குள் அடங்குகிற ஒரு கெமராவைக் கொண்டுவந்தாய். அங்கே நீ வேலை பார்த்த வீட்டு மேடம் பழசு என்று கழித்தது. ஃபிலிம் இல்லாத கெமராவை நம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. "படம் எங்கடி போகுது?" என்று நான் கேட்டதற்கு, "உள்ளுக்கு ஒரு சின்ன அட்டை இருக்கு புள்ள, அதுல போய் ஒக்காந்துக்கும்" என்றாய். எனக்கு இன்றைக்கும் அது விளங்கவில்லை.

கெமரா உன்னுடையது. கரண்ட் என்னுடையது. உங்கள் மேல் லயத்துக்கு அப்போது கரண்ட் வரவில்லை, எங்கள் கீழ் லயத்துக்கு வந்துவிட்டது. அதனால் சார்ஜரும் பெட்டரியும் எங்கள் வீட்டுக் காம்பராவில்தான் இருந்தன. சிவப்பு லைட் எரிந்தால் ஏறுகிறது, பச்சை வந்தால் போதும். அது மட்டும்தான் எனக்குத் தெரியும். மற்றதெல்லாம் நீ சொல்லிச் சொல்லித்தான்.

எத்தனை சட்டம் வைத்திருந்தாய் நீ! பொட்டு வைத்ததையும் வைக்காததையும் கலக்கக் கூடாது. வேலை முடிந்ததும் கெமராவிலிருந்து கழற்றி வைக்க வேண்டும். வெளிச்சம் இருந்தால் பளிச்சென்று அடிக்கிற லைட்டைப் போடக் கூடாது. பாதியில் ஏற்றவே கூடாது. மிச்சம் இருந்தால் சின்ன டோர்ச்சில் போட்டு, அது மங்கிச் சாகும்வரை எரியவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். ஏனென்று கேட்டேன்.

"இதுக்கு ஞாபகம் இருக்கு புள்ள. பாதி வயித்துல சோறு போட்டா, அந்தப் பாதிதான் தன் வயிறுன்னு நெனச்சிக்கும். அப்புறம் எவ்வளவு போட்டாலும் பாதிதான் திங்கும்."

குவைத்தில் உங்கள் வீட்டு டிரைவர் அண்ணன் சொன்னதாகச் சொன்னாய். நான் நம்பினேன். நீ சொன்னால் எதையும் நம்புவேன்.

கங்காணியார் மகளுக்குச் சடங்கு நடந்ததே, அன்றைக்கு நீ ஒரு படம் எடுத்ததும் பொம்பளைகள் எல்லாரும் "காட்டு, காட்டு" என்று உன்னை மொய்த்துக்கொண்டார்கள்.

"இதுல பாக்கப் பாக்கக் கரண்டக் குடிக்கும். எல்லாம் முடியட்டும், அப்புறம் ஒங்க மூஞ்சிய நீங்களே வச்சிப் பாத்துக்கங்க" என்றாய்.

"எங்க மூஞ்சி அம்புட்டுக் கரண்டா குடிக்கும்?" என்றாள் பெரியம்மா ஒருத்தி.

"ஒங்க மூஞ்சிக்கு மட்டும் ரெண்டு செட்டு வேணும் பெரியம்மா."

அந்தப் பெரியம்மாவே சிரித்துச் சிரித்து இருமினாள். அன்று காலையில் பனி அப்படி. கோயிலடியில் கெமரா திறக்கவே மாட்டேன் என்றது. நீ பெட்டரியைக் கழற்றி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாய். கங்காணியார் சம்சாரம் பார்த்துவிட்டு, "என்னாடி, மாருக்குள்ள கரண்ட் மிசின் வச்சிருக்கியா?" என்று கேட்டாள். "எங்கிட்ட சூடு இருக்குங்கக்கா, ஒங்களுக்கும் கொஞ்சம் வேணுமா?" என்றாய். கொஞ்ச நேரத்தில் எடுத்துப் போட்டால் கெமரா கண்ணைத் திறந்துவிட்டது. எனக்கு அது மந்திரம் மாதிரி இருந்தது.

அன்று திரும்பி நடந்து வரும்போதுதான் சொன்னாய். "பாத்தியா புள்ள, குளிர்ல கெடந்தா அதுக்குச் சத்து இல்ல. நீ அதைச் சும்மா சிமெந்துத் தரையில போட்டு வைக்காத. சூட்டோட வை."

சூட்டோட வை. இந்த ஒரு பேச்சில்தான் எல்லாம் நிற்கிறது.

லிந்துலைப் பக்கத்து மழைக்கும் பனிக்கும் எங்கள் காம்பராவில் எது நனையாமல் இருந்தது? தீப்பெட்டி நமுத்துப்போகும். உப்பு தண்ணீராகும். கலாவின் பள்ளிக்கூடக் கொப்பி கூட ஊறி உப்பிவிடும். எல்லாவற்றையும் அடுப்புக்கு மேலே இருக்கிற பலகையில்தான் வைப்போம். அடையாள அட்டையும் பிறப்புச் சான்றும் கூட அங்கேதான். லயத்தில் யாரிடம் வேண்டுமானாலும் சூட்டோடு வை என்று சொல்லிப் பார், அந்தப் பலகையைத்தான் பார்ப்பார்கள். வேறு இடம் ஏது? நானும் பெட்டரியைப் பிஸ்கட் தகரத்தில் போட்டு அங்கேயே வைத்தேன். நீ சொன்னது உடம்புச் சூட்டைத்தானா? நான்கு வருஷம் வெயில் ஊரில் இருந்துவிட்டு வந்தவளுக்கு இந்த அடுப்பு மறந்துபோயிருந்ததா? அப்போது கேட்கத் தோன்றவில்லை. விளங்கிவிட்டது என்று நினைத்த விஷயத்தை யார் கேட்பார்கள்?

அப்புறம் கலா கல்யாணம் வந்தது. டவுனில் இருந்து போட்டோக்காரர் வேண்டாம், நானே எடுக்கிறேன் என்று நீதான் நின்றாய். "அவ நான் தூக்கி வளத்த புள்ள, வேற ஆள் எடுத்தா ஏங் கை அரிக்கும்" என்றாய். மழையில் அடிக்கடி கரண்ட் போய்க்கொண்டிருந்த நேரம். "கடைசி நாளைக்கு வச்சிக்காத, முந்தியே ஏத்தி வச்சிரு" என்று சொன்னாய். பத்து நாளைக்கு முன்பே நான்கையும் பச்சை லைட் வரும்வரை ஏற்றினேன். ஏற்றித் தகரத்தில் போட்டுப் பலகையில் வைத்தேன். கல்யாண வீடு அல்லவா, அந்தப் பத்து நாளும் அடுப்பு அணையவே இல்லை. பலகாரம் சுட்டது, சோறு வடித்தது, வந்த சனத்துக்குத் தேத்தண்ணி போட்டது, எல்லாம் அதே அடுப்பில்.

கல்யாணத்தன்று விடியக்காலையில் அரக்குச் சேலை கட்டிக்கொண்டு வந்தாய். "எங்கடி பெட்டரி?" என்றாய். நான் மாலையைப் பிரித்துக்கொண்டே கையைக் காட்டினேன். நீ எட்டித் தகரத்தை எடுத்தாய். எடுத்த கையை உதறி, மற்றக் கைக்கு மாற்றி, முந்தானையால் பிடித்துக்கொண்டாய்.

"இது என்னா புள்ள, இப்பிடிச் சுடுது?"

"நீதானே சூட்டோட வைன்னு சொன்ன?"

நீ என்னைப் பார்த்தாய். ஒரு நிமிஷம் இருக்குமா? எனக்கு நூறு வேலை. அப்புறம், "ஆமா" என்றாய். தகரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

மாப்பிள்ளை வந்திறங்கியதை எடுத்தாய். மணவறையில் உட்கார்ந்ததை எடுத்தாய். பூசாரி தாலியை எடுத்துக் கொடுக்கும் நேரம் கெமரா செத்தது. பொட்டு வைத்ததைக் கழற்றி, வைக்காததைப் போட்டாய். அதுவும் செத்திருந்தது. ஜாக்கெட்டுக்குள் வைத்து எடுத்துப் போட்டாய். ஒன்றுமில்லை. "கொஞ்சம் பொறுங்க சாமி" என்று நீ சொன்னது எனக்குக் கேட்டது. முகூர்த்தம் பொறுக்குமா? மேளம் கொட்டிவிட்டது, தாலி ஏறிவிட்டது.

மாப்பிள்ளையின் அத்தை விடவில்லை. "நல்ல சகுனம்தான் போங்க. ஒரு போட்டோக்காரனைப் பிடிக்கத் தெரியாத எடத்துல பொண்ணு எடுத்திருக்கோம்" என்றார்.

நீ முன்னால் வந்து நின்றாய். "அவங்களைச் சொல்லாதீங்கம்மா. ஏந் தப்புதான். நாந்தான் சரியா ஏத்தாமக் கொண்டாந்துட்டேன்."

ஏற்றியது நான் என்று எனக்குத் தெரியும், சிட்டு. சார்ஜர் என் வீட்டில் இருந்தது, பச்சை லைட்டைப் பார்த்தது என் கண். வாயைத் திறந்து அதைச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு. "ஒன்ன நம்புனேன் பாரு, என்னையச் சொல்லணும். கெமராவத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சா போட்டோக்காரி ஆயிருவியா?" என்றேன். அத்தனை பேருக்கு முன்னால் சொன்னேன்.

நீ சாப்பிடாமல் போய்விட்டாய் என்று பிறகு சொன்னார்கள்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் நாம் பேசவில்லை. ஒரே மலையில் கொழுந்து எடுத்தோம். நீ கங்காணியிடம் சொல்லி நிரையை மாற்றிக்கொண்டாய். நிறுவையடியில் எனக்கு முன்னால் நின்றால் கூடையை இறக்கிவிட்டு ஒதுங்கி வழி விடுவாய். அதுதான் நமக்குள் இருந்த பேச்சு. உன் கையில் கெமராவை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. நெஞ்சு வலி என்று நுவரெலியா ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள் என்றதும், ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம் என்றிருந்தேன். என்ன பேசுவது என்று கூட யோசித்து வைத்திருந்தேன். நீ வெள்ளிக்கிழமையே போய்விட்டாய்.

கலா அந்தக் கடதாசியை வாசித்த மறுநாள் நான்கு பெட்டரியையும் எடுத்துக்கொண்டு தலவாக்கலைக்குப் போனேன். அங்கே ரேடியோ திருத்துகிற சிங்கள பாஸ் ஒருவர் இருக்கிறார். முள் ஆடுகிற மிசினை வைத்துப் பார்த்தார். "இவரய் அம்மே" என்று தலையை ஆட்டினார். முடிந்துவிட்டதாம். அடுப்புச் சூட்டிலா முடிந்தது என்று கேட்டேன்.

"சூடு கூடாதுதான் அம்மே. ஆனா இந்தச் சாதி பெட்டரி சும்மா வச்சாலும் எறங்கும். எப்ப ஏத்தினது?"

"கல்யாணத்துக்குப் பத்து நாளைக்கு முந்தி."

"அதும் சரியில்ல. முந்தின நாள்தான் ஏத்தணும்."

டோர்ச்சில் போட்டுச் சாகடித்து ஏற்றியதைச் சொன்னேன். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, அது முந்தின சாதிக்கு. இத அப்பிடிச் சாகடிச்சா சத்துப் போயிரும். சூடும் இருக்கு, நாளும் இருக்கு, டோர்ச்சும் இருக்கு. எதுல போச்சுன்னு இப்ப யாரு சொல்றது அம்மே?"

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதுதான். டோர்ச் என்றால் உன் சட்டம். பத்து நாள் என்றால் நீ சொன்னாய், நான் செய்தேன். அடுப்பு என்றால் நான் மட்டும்தான். இல்லை, அடுப்பும் உன் சொல்தானே? இல்லை, நீ சொன்னது அடுப்பை அல்லவே? ஒரு வளைவில் உன் தப்பாகத் தெரிகிறது, அடுத்த வளைவில் என் தப்பாகத் தெரிகிறது. இறங்க வேண்டிய இடத்தை விட்டு ஒரு மைல் திரும்பி நடந்தேன்.

வீட்டுக்காரர், "செத்த பெட்டரிக்குப் பொணப் பரிசோதனை வைக்கிறியாக்கும்" என்றார். சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டேன். கலாவோ, "தாலி ஏங் கழுத்துல கெடக்கு, படம் எதுக்கும்மா?" என்கிறாள். அவள் மனதில் ஒன்றுமில்லை. இப்போது எனக்கும் படம் பெரிதில்லை. நீ சபையில் சொன்ன அந்த வார்த்தைதான் பெரிது. டோர்ச்சை நினைத்துச் சொன்னாயானால் அது உன் நேர்மை, நான் வாய்த் துடுக்குக்காரி, அவ்வளவுதான். சுட்ட தகரத்தை நினைத்துக்கொண்டு சொன்னாயானால், எட்டு மாதம் என் தப்பை நீ சுமந்துகொண்டு எனக்கே வழி விட்டு ஒதுங்கி நின்றிருக்கிறாய். இரண்டும் ஒன்றல்ல.

கலாவைக் கொண்டுபோய் விட நேற்று நோர்வூட்டுக்குப் போனேன். மாப்பிள்ளையின் அத்தை வாசலில் இருந்தார். அன்று சொல்லாததை இன்றைக்காவது சொல்லிவிடுவோம் என்று அவர் முன்னால் போய் நின்றேன்.

"கல்யாணத்தன்னிக்கி அந்தப் பெட்டரிய ஏத்தி வச்சது நாந்தாங்க. அவ இல்ல" என்றேன்.

"எந்தப் பெட்டரி?" என்றார்.

அவருக்கு நினைவே இல்லை. சகுனம் என்று சொன்னதும் நினைவில்லை. நான் எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னேன். தாலி நேரத்தில் கெமரா நின்றதைச் சொன்னேன், நீ முன்னால் வந்து நின்றதைச் சொன்னேன். அவர் மெதுவாகச் சிரித்தார்.

"ஓ, அந்தக் குவைத்துக்காரப் புள்ளையா? நல்லா சிரிக்கச் சிரிக்கப் பேசுமே. எப்பிடி இருக்கு?"

"இருக்காங்க" என்று சொல்லிவிட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. சொல்லிவிட்டேன், இனி அதை மாற்றப் போவதில்லை. ஏற்றியது நான்தான் என்று ஒரு ஆளிடமாவது வாயைத் திறந்து சொல்லியாயிற்று. அதைக் கேட்க வேண்டியவள் நீ. மற்ற எல்லாரும் மறந்துவிட்டார்கள், நான் ஒருத்திதான் இதைத் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடு, சிட்டு. அன்றைக்குக் காலையில், சுட்ட தகரத்தோடு என்னைப் பார்த்து "ஆமா" என்றாயே, தெரிந்துதான் சொன்னாயா?