செருகாத அடாப்டர்

ஓய், இன்று சாயங்காலம் மாப்பிள்ளை ஒரு புது சப்வூஃபர், அடித்தொனியை மட்டும் அதிர அதிரக் கொடுக்கிற ஸ்பீக்கர் பெட்டி, வாங்கிக்கொண்டு வந்தார். அதற்கும் டிவிக்கும் நடுவே ஒயரே கிடையாதாம். பெட்டியின் முதுகில் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தார். சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்று அடித்துவிட்டுப் பச்சையாகி நின்றது. அடுத்த நொடி தரை அதிர்ந்தது. டீப்பாயில் தண்ணீர் டம்ளர் தட்டோடு உரசிக் கிணுகிணுத்தது. என்னைக் கேட்காமலே என் கால்கள் எழுந்துவிட்டன.

"என்ன மாமா, சவுண்டு ஜாஸ்தியா?" என்று கேட்டார் மாப்பிள்ளை. ஆமாம் என்று சொல்லிவைத்தேன். எதற்காக எழுந்தேன் என்று உமக்கு மட்டும்தான் தெரியும். நீரோ போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகிவிட்டன.

ஆபீஸில் ஒரே செக்‌ஷனில் பக்கத்துப் பக்கத்து மேஜை நமக்கு. இருவரும் நெல்லைப் பக்கம் என்பதால் டெல்லிக்கு வந்தும் நீர், வாரும், போம் எல்லாம் நம்மை விட்டுப் போகவில்லை. நீர் எனக்கு வைத்த பெயர் பயந்தாங்கொள்ளி. பொய் சொல்வானேன், அது சரியான பெயர்தான். பஸ் படிக்கட்டு, குளிர்கால ஹீட்டரின் சிவந்த கம்பி, வீட்டுக்காரரின் செருப்புச் சத்தம், எல்லாமே எனக்குப் பயம். உமக்கு ஒன்றுக்கும் பயமில்லை. உமக்குச் சேர்த்தும் நானே பயந்துகொண்டிருந்தேன்.

உம் வலது காது முழுக்கப் போய், இடது காது பாதி போயிருந்தது. அது உம் மனைவிக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். அதிகாரி பேசும்போது அவர் உதட்டையே பார்த்துத் தலையாட்டுவீர். பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டுவிட்டால்? குட்டு வெளிப்பட்டுவிடுமே. அதனால் யாராவது கூப்பிட்டால் மேஜையை இரண்டு தட்டுத் தட்டுவேன். ஒட்டிப் போட்ட மேஜைகள். அதிர்வு உம் முழங்கைக்கு வந்து சேரும். உடனே திரும்பி, எல்லாம் கேட்டவர் மாதிரி "அச்சா ஜி" என்பீர்.

பாட்டு இல்லாமல் உமக்கு இருக்க முடியாது. மெட்டு காதுக்கு எட்டாமல் போனபின் தபேலாவும் பேஸ் கிட்டாரும் மட்டும் உடம்பு வழியாக வந்தன. அதற்காகத்தான் நீரும் அன்று ஒரு சப்வூஃபர் வாங்கினீர். "காதுக்கு வரலேன்னா முதுகுக்கு வரட்டும்வே" என்று அதை உள் அறைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, பலகையில் மல்லாந்து படுத்துக் கேட்பீர். ஹாலில் இருந்த ஆம்ப்ளிஃபயரிலிருந்து அதற்கு ஒயர் போனது. உம் மனைவி அதில் தடுக்கி விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டதும், ஒயர் இல்லாமல் இணைத்தே தீருவது என்று நேரு பிளேஸ் கடைத்தெருவுக்குப் போய் இரண்டு சின்னப் பெட்டிகள் வாங்கி வந்தீர். ஒன்று ஆம்ப்ளிஃபயரில் மாட்டி அனுப்புவதற்கு. மற்றது சப்வூஃபரில் மாட்டி வாங்கிக்கொள்வதற்கு. இரண்டுக்கும் தனித்தனி அடாப்டர். இரண்டிலும் ஏ, பி, சி என்று போட்ட விசையை ஒரே எழுத்துக்குத் தள்ளி வைத்தால் பச்சை விளக்கு நிற்கும். இரைச்சல் வருகிறதா என்று கேட்டுச் சொல்ல உமக்கு ஒரு ஜோடிக் காது தேவைப்பட்டது. என்னைக் கூப்பிட்டீர்.

ஜனவரி மாதம், ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். கிட்வாய் நகரில் உம்முடைய குவார்ட்டர்ஸ், இரண்டாவது மாடி. உம் மனைவி சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். நீர் சப்வூஃபரில் பெட்டியை மாட்டிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் மல்லாந்து கிடந்தீர், வெளியே தெரிந்தது உம் காலுறை மட்டும். நான் ஹாலில் மற்றப் பெட்டியின் அடாப்டரைக் கையில் வைத்துக்கொண்டு, பிளக் பாயின்ட்டில் செருக வழக்கம்போலத் தயங்கிக்கொண்டிருந்தேன்.

அப்போது தரை அதிர்ந்தது. சமையலறையில் பாத்திரங்கள் கலகலவென்றன. உள்ளேயிருந்து உம் குரல் வந்தது. அவ்வளவு சந்தோஷமான குரலை உம்மிடம் நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"வந்துட்டுவே! நல்லா அதிருது! அப்படியே இருக்கட்டும், ஒண்ணையும் தொடாதேயும்!"

நான் கையைப் பார்த்தேன். அடாப்டர் கையில்தான் இருந்தது. மேலே, போடாத மின்விசிறி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடியது.

ஒரு தரம் கூப்பிட்டேன். கேட்காது என்று தெரிந்தேதான் கூப்பிட்டேன். உம் அறைக்கு எட்டு அடி வைக்க வேண்டும், வாசலுக்கு மூன்று. தரையில் காலால் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டியிருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது. ஆடுகிற தரையில் அது உமக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. ஆனால் அன்று அது நினைவுக்கே வரவில்லை. நான் வாசலைப் பார்த்து ஓடினேன். படியில் ஒரு செருப்பு கழன்றது, அதையும் எடுக்கவில்லை.

கீழே புல்தரையில் குடியிருப்பே ஸ்வெட்டரும் சால்வையுமாக நின்றது. "பூகம்ப், பூகம்ப்" என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உம் கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் என் தோளைப் பிடித்து, "ஊபர் கோயி ஹை க்யா?" என்று கேட்டார். மேலே யாராவது இருக்கிறார்களா என்று கேட்கிறார் அவர்.

"கோயி நஹீ" என்றேன்.

யாருமில்லை என்று சொன்னேன் ஓய். இருக்கிறார் என்று சொன்னால், பிறகு நீ ஏன் இங்கே நிற்கிறாய் என்று கேட்பார்களே. திரும்பி மேலே அனுப்பிவிடுவார்களே. அந்தப் பயம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சொல்லி முடித்து மூச்சு விடுவதற்குள் நீர் பால்கனியில் வந்து நின்றீர், தலைமுடியெல்லாம் தூசியோடு.

"என்னவே, எங்க போனீரு? நின்னுபோச்சே!"

பிறகு கீழே நின்ற கூட்டத்தைப் பார்த்தீர். அவர்கள் உதடுகளைப் பார்த்தீர். கடைசியில் என்னைப் பார்த்தீர். அந்த அம்மாளும் என்னைத்தான் பார்த்தார்.

நடுக்கம் நின்றும் வெகுநேரம் கழித்துத்தான் மேலே ஏறி வந்தேன். நீர் டீ போட்டுக்கொண்டிருந்தீர். அடாப்டரை என் கையிலிருந்து வாங்கி நீரே செருகினீர். அப்போதும் அதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். இரண்டு பெட்டியிலும் விசையை ஒரே எழுத்துக்குத் தள்ளினோம். பச்சை நின்றது. கட்டிலில் படுத்துக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அதவிட இது கம்மியாத்தான்வே இருக்கு" என்று சிரித்தீர். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் பக்கத்துப் பக்கத்து மேஜையில் வேலை பார்த்தோம். தினமும் சொல்லிவிட நினைப்பேன், தினமும் பயந்துவிடுவேன். ஆஸ்பத்திரியில், அந்தக் கடைசி வாரத்தில், உமக்கு எந்தக் காதும் கேட்காதபோதுதான் தைரியம் வந்தது. அதையும் தைரியம் என்று சொல்லலாமோ என்னமோ. கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டுத் தட்டினேன். கண் திறந்து என் வாயைப் பார்த்தீர். அன்று கீழே நின்று நான் சொன்ன அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னேன்.

"அன்னைக்கே தெரியும்வே. கீழ்வீட்டம்மா சொல்லிட்டா" என்றீர். நீர் கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "கதவத் தெறந்து வச்சுட்டுத்தான போனீரு" என்றீர்.

உமக்காக நான் திறந்து வைக்கவில்லை ஓய். உயிருக்குப் பயந்து ஓடுகிறவன் கதவைச் சாத்திவிட்டா ஓடுவான்? அது உமக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னீர். நான் சொன்ன பொய்யை நெஞ்சில் வைத்துக்கொண்டே அத்தனை வருடமும் என் மேஜை ஓரத்தில் முழங்கையை ஊன்றி, என் தட்டலை நம்பி உட்கார்ந்திருந்தீரே, அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை.

இன்று சாயங்காலம் எழுந்த கால் வாசலுக்குப் போகவில்லை. பயம் அப்படியேதான் இருந்தது. ஆனாலும் கால் உள் அறைக்குப் போனது. மகள் தலைவலி என்று கண்ணை மூடிப் படுத்திருந்தாள். கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

"என்னப்பா?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா. இருக்கியான்னு பாத்தேன்" என்றேன்.