சுருக்குப்பையில் இருந்த ஃபியூஸ்

அக்கா,

இன்று காலை மீட்டர் போர்டிலிருந்து வெள்ளைப் பீங்கான் ஃபியூஸைப் பிடுங்கினேன். பிடுங்கிய கையோடு கால் தானாக உங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. வாசலில் போய் நின்ற பிறகுதான், அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொள்ள நீங்கள் இல்லை என்பது உறைத்தது. ஃபியூஸை மூக்கருகே கொண்டுபோனேன். உங்கள் சுருக்குப்பையின் வெற்றிலை, கிராம்பு வாசனை இன்னும் இருக்கிறது. பீங்கானில் வாசனை நிற்காது என்கிறாள் என் மனைவி. மழைக்காலத்தில் அவளுக்கு மூக்கு அடைப்பு, நான் பொருட்படுத்துவதில்லை.

உங்களை வைத்து நான் ஒருமுறை பத்திரிகையில் நகைச்சுவைக் கட்டுரை எழுதியது நினைவிருக்கிறதா? எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார், யார் வீட்டில் எத்தனை விளக்கு, எப்போது அணைகிறது என்றெல்லாம் அவருக்கு மனப்பாடம் என்று எழுதியிருந்தேன். உங்கள் மகள் செல்வி படித்துக் காட்டினாள். நீங்கள் என்னைத் தெருமுனையில் மடக்கினீர்கள். திட்டு விழும் என்று தோளைக் குறுக்கினேன். "ஏம்பா, என் வூட்டு பல்ப நாப்பது வாட்டுன்னு எழுதியிருக்கியே, அது அறுபது வாட்டு. தெரியாததெல்லாம் எதுக்கு எழுதற?" என்றீர்கள். அதோடு சரி.

போன வருஷம், 2005 ஐப்பசி. மழை பிடித்தால் உப்பளம் மூழ்கும், லாரி வராது, உப்பு ஏற்றிவிடும் ஏஜென்டாகிய எனக்கு வேலை இராது. வேலையில்லாத ஆளிடம் ஜெனரேட்டர் இருக்கவே கூடாது. என்னிடம் இருந்தது. வானூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வேண்டாம் என்று தள்ளியதை வாங்கி, சேஞ்ச் ஓவர் சுவிட்சும் மாட்டியிருந்தேன். கைப்பிடி மேலே இருந்தால் தெருக் கரண்ட், கீழே இழுத்தால் ஜெனரேட்டர். இரண்டும் ஒன்றோடொன்று கலக்காது, அதற்காகத்தான் அந்தப் பெட்டி.

அன்று காற்றில் தெருக்கோடிக் கம்பத்தில் கம்பி அறுந்தது. மனைவி கிரைண்டரில் மாவைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நான் ஜெனரேட்டரை ஓட்டிவிட்டுக் கைப்பிடியைக் கீழே இழுத்தேன். ஜெனரேட்டர் வண்டி ஓடுகிறது, வீடு இருட்டு. மானப் பிரச்சினை ஆகிவிட்டது. இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒரு ஒயரைத் தயார் செய்தேன். ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறுமுனையை ஹால் சாக்கெட்டிலும் சொருகினேன். கிரைண்டர் சுற்றியது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டு பேப்பரை விரித்தேன்.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள்.

"ஏம்பா, உன் வண்டி கத்துது, என் வூட்ல பல்பு எரியுது. இது இன்னா கூத்து?"

"கரண்ட் வந்துடுச்சுக்கா."

"வந்துச்சுன்னா எதிர் வரிசையில ஏன் வரல? ரேஷன் மாதிரி மூணு வூட்டுக்கு மட்டும் குடுப்பானா? அதுவும் செத்துப் பொழைச்ச மாதிரி எரியுது."

"மாவு ஆட்டி முடியட்டும், பாக்கறேன்."

நீங்கள் மாவுக்கெல்லாம் காத்திருக்கவில்லை. செருப்புகூடப் போடாமல் முழங்கால் தண்ணீரில் தெருக்கோடிக்கு ஓடினீர்கள். அங்கே லைன்மேன் ஏழுமலை கம்பத்தில் ஏணியைச் சாத்திப் பாதி ஏறியிருந்தான். உங்கள் குரல் என் வீட்டு ஹாலுக்கே கேட்டது.

"டேய் ஏழுமலை! கைய வெக்காதடா!"

"லைன்ல கரண்ட் இல்லக்கா, டிரான்ஸ்ஃபார்மர் ஃபியூஸ் எல்லாம் பிடுங்கி என் பையில வெச்சிருக்கேன். நீ போ, நனையாத."

"உன் பையில இருந்தா, என் பல்ப எவன்டா எரிக்கறான்?"

ஏழுமலை இரண்டு படி இறங்கி, கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லாம்ப்பை எடுத்து, அறுந்து தொங்கிய கம்பியில் வைத்தான். அது எரிந்தது. உங்கள் கூச்சலுக்கு வெளியே வந்திருந்த நான் அதைப் பார்த்துக்கொண்டே தெருவில் நின்றேன், கையில் பேப்பரோடு. அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவள் பெயரை நான்தான் வைத்தேன்.

அவன் என்னை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. என் வீட்டுக்கு வந்தான், ஜெனரேட்டரை அணைத்தான், ஒயரைப் பிடுங்கினான், ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தான். பிறகு மீட்டர் போர்டு ஃபியூஸை இழுத்தெடுத்து, அதை யாரிடம் கொடுப்பது என்று சுற்றிலும் பார்த்தான். என்னைத் தாண்டி, என் மனைவியைத் தாண்டி, உங்களிடம் வந்தான்.

"நான் சொல்ற வரைக்கும் யாருக்கும் குடுக்காதக்கா."

சுருக்குப்பையைத் திறந்தீர்கள். வெற்றிலைக்கும் பாக்குக்கும் நடுவே என் வீட்டுக் கரண்ட் போய் உட்கார்ந்தது.

சுவிட்ச் பெட்டியைத் தொடுமுன் அவன் டெஸ்ட் லாம்ப்பை உள்ளே ஒவ்வொரு முனையாக வைத்தான். "கொஞ்ச முன்ன கம்பத்துல எரிஞ்ச லாம்ப்பு. இங்க எரியலன்னா தாராளமா நம்பலாம்" என்றான். எரியவில்லை. மூடியைக் கழற்றினான். கைப்பிடியையும் உள்ளே கத்தி என்று சொல்லும் செப்புத் தகடுகளையும் இணைக்கிற சின்ன இரும்பு ஆணியை உப்புக் காற்று தின்றிருந்தது. கைப்பிடி கீழே வந்திருந்தது, கத்திகள் மேலேயே தெருக் கரண்ட் முனையைக் கடித்துக்கொண்டிருந்தன. அந்த வழியாகத்தான் என் ஜெனரேட்டர் தெருவுக்குப் போயிருக்கிறது. பெட்டி தன்னால் முடிந்தவரை வீட்டை இருட்டாக்கி என்னை எச்சரித்திருக்கிறது. நான்தான் அதைச் சுற்றிக்கொண்டு போனேன்.

"கைப்பிடியப் பாத்தியே சார், கத்தியப் பாத்தியா?" ஏழுமலை கேட்டது இது ஒன்றுதான்.

சுவிட்சைக் கழற்றிக் கையோடு எடுத்துப்போனான். நீங்கள் அந்த இரட்டைப் பிளக் ஒயரை உங்கள் வீட்டுக்கு எடுத்துப்போய், மீன் அரியும் அரிவாள்மணையில் சாண் சாணாக நறுக்கினீர்கள். சாயங்காலம் தெருவுக்கெல்லாம் கரண்ட் வந்தது. எங்கள் வீட்டுக்கு மட்டும், பாண்டியிலிருந்து புதுச் சுவிட்ச் வரும்வரை இரண்டு நாள் வரவில்லை. நடுவில் ஒரு கிரிக்கெட் மேட்ச்.

"ஃபியூஸை ஒரே ஒரு மணி நேரம் குடுங்கக்கா. சுவிட்ச் இருந்த எடத்துல ஒயரை நானே சேர்த்துக்கறேன்."

"ஏழுமலை சொன்னானா?"

"நான் சொல்றேனே."

"அதான் குடுக்கல."

புதுசு மாட்டிய அன்று ஜெனரேட்டரை ஓட்டி, கைப்பிடியைக் கீழே தள்ளி, தெருக் கரண்ட் வரும் முனையில் அவன் லாம்ப்பை வைத்தான். எரியவில்லை. அப்போதும் அவனுக்குப் போதவில்லை. தெரு லைனை ஃபியூஸ் பிடுங்கி அணைத்துவிட்டு, உங்களை உங்கள் பல்புக்குக் கீழே நிற்க வைத்தான். "எரியல!" என்று நீங்கள் போட்ட கூச்சலில் எதிர் வீட்டு நாய் குரைத்தது. அதற்குப் பிறகு யார் வீட்டில் ஒயரிங் வேலை என்றாலும் ஃபியூஸ் உங்கள் இடுப்புக்குத்தான் போனது. நீங்கள் கடைசியாகப் பாண்டி ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கு உங்களிடம் மூன்று வீட்டு ஃபியூஸ் இருந்தது. செல்வி அழுதுகொண்டே வீடு வீடாகக் கொண்டுவந்து கொடுத்தாள், எது யாருடையது என்று நீங்கள் அவளுக்குச் சொல்லியனுப்பியிருந்தீர்கள்.

இன்று மறுபடி கம்பி அறுந்திருக்கிறது. ஏணியடியில் ஏழுமலை ஏறாமல் காத்து நிற்கிறான். நான் ஃபியூஸைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டேன். பிறகு உங்கள் வீட்டுக்குள் போனேன். "அம்மா மாதிரியே எட்டிப் பாக்க வந்துட்டியா மாமா?" என்றாள் செல்வி. ஆமாம் என்றேன். உங்கள் பல்பின் சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று பார்த்தேன். போட்டிருந்தது. அதே அறுபது வாட்டு. தலையை நிமிர்த்தி நெடுநேரம் பார்த்தேன்.

வெளியே வந்து, உங்கள் அளவுக்கு இல்லாவிட்டாலும், நாய் குரைக்கும்படியாகவே கத்தினேன்.

"எரியல!"

ஏழுமலை ஏறினான்.